புது மருந்தும் பொறுமையும்

புதியதொரு மருந்து தோன்றிற்றெனக் கேட்டவுடன், "நோயாளர்க்கு அதனை இன்றே வழங்கலாகாதோ? சோதனையென்று ஆண்டுகளைக் கழிப்பது எற்றுக்கு?" என வினவுவார் பலர். அவ்வினா இரக்கத்திற் பிறந்ததே. ஆயினும் அவ்விரைவு நோயாளர்க்கு நன்மை பயவாதென்பது எம் கருத்து. சிறுநீரக நோயொன்றன் வரலாறே இதற்குச் சான்றாகும்.

கிருமிகளைத் தடுத்து உடலைக் காக்கும் எதிர்ப்பொருள்கள் சிலரிடத்து அவர்தம் சிறுநீரகத்தையே தாக்குகின்றன. வேலியே பயிரை மேய்வதொத்த இந்நோய்வகையுள் ஒன்று மெம்பிரனஸ் நெப்ரோபதி என்பது. இதன்கண் வடிகட்டும் சவ்வு பழுதுற்றுப் புரதம் சிறுநீரோடு ஒழுகும், உடல் வீங்கும், சிலர்க்குச் சிறுநீரகம் முற்றும் செயலற்றுப் போம். எதிர்ப்பொருள் தோன்றுதற்கு மூலமானவை குருதியிலுள்ள பி-அணுக்கள். அவற்றை அழிக்கவல்ல ரிட்டுக்சிமாப் என்னும் மருந்தும் ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்பெற்ற ஓர் எதிர்ப்பொருளே. முள்ளை முள்ளாற் களைதல் போல்வது இது. 1997-இல் அமெரிக்காவில் நிணநீர்ப் புற்றுநோய்க்கென இசைவு பெற்ற இம்மருந்து, இந்நோய்க்கும் உதவுமோ என்று பின்னர் ஆராயப்பட்டது.

ஈண்டு ஓர் இடர்ப்பாடு உண்டு. இந்நோய் ஏறக்குறைய மூவரில் ஒருவர்க்குத் தானாகவே தணியும். ஆதலின், மருந்துண்டவர் நலம்பெற்றார் என்பதனாலேயே மருந்து வென்றதென்று கூறலாகாது, ஒப்புநோக்கல் வேண்டும். வட அமெரிக்காவில் நிகழ்ந்த 'மென்டர்' சோதனையில் 130 நோயாளர் குலுக்கல் முறையில் இரு கூறாக்கப்பட்டனர். ஒரு கூற்றார்க்கு ரிட்டுக்சிமாப். மற்றையோர்க்கு முன்னரே வழக்கிலிருந்த சைக்ளோஸ்போரின். எவரும் மருந்தின்றி விடப்பட்டிலர்.

பன்னிரண்டு திங்கள் முடிவில், முழுமையாகவோ ஓரளவாகவோ நோய் தணிந்தவர் முன்னவருள் நூற்றுக்கு 60, பின்னவருள் 52. அன்றே ஏட்டை மூடியிருப்பின், "பெரிய வேறுபாடு இல்லை" என்றே உலகம் கொண்டிருக்கும். ஆராய்ச்சியாளரோ மேலும் ஓராண்டு காத்திருந்தனர். இருபத்துநான்கு திங்கள் முடிவில் முன்னவர் 60-இலேயே நின்றனர். பின்னவர் 20-ஆகக் குறைந்தனர். 2019-இல் இம்முடிவு வெளியாயிற்று. பழைய மருந்தை நிறுத்தியபின் பலர்க்கு நோய் மீண்டதனை அவ்விரண்டாம் ஆண்டன்றோ காட்டிற்று!

பிணியுற்றார்க்கு ஓராண்டும் நெடுங்காலமே என்பதை யாம் மறுப்போமல்லேம். ஆனால், நிற்கும் பயனையும் நில்லாப் பயனையும் பகுத்தறியாது மருந்தளித்தல் இரக்கமாகாது. புது மருந்தும் நூற்றுக்கு நாற்பதின்மர்க்குப் பயன்தரவில்லை; அதனையும் மறையாது உரைத்தலே அறம். நோய் மீளப்பெற்ற அந்நோயாளரின் துன்பம் பின்வருவார்க்கு வழிவிளக்காயிற்று. நண்பர்காள்! புது மருந்தின் புகழைக் கேட்குந்தோறும், "எதனோடு ஒப்பிட்டனர்? எத்துணைக் காலம் நோக்கினர்?" என வினவுவோமாக. அவ்வினாவே நோயாளர்க்கு நாம் செய்யும் முதலுதவி.