ஷூ ரேக் ஜங்ஷன்

எங்கள் வீட்டில் இடம் இல்லை என்ற பேச்சு புதிதல்ல. இரண்டு பெட்ரூம் ஃபிளாட். நான், கணவர், ஆறாம் வகுப்பு படிக்கும் மகள். போன ஆடியிலிருந்து அப்பாவும் எங்களோடு இருக்கிறார்.

அம்மா போன பிறகு ஜோலார்பேட்டை வீட்டைப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு வந்தவர். கொண்டுவந்த ஒரு பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை. கேட்டால், “மாப்பிள்ளை வீட்ல நான் எதுக்கும்மா இடத்தை அடைக்கணும்?” என்பார். ஹால் நாற்காலியில்கூட ஓரமாகத்தான் உட்காருவார்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒரு ரயில்வே யார்டு எப்படி வந்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

ஆரம்பித்து வைத்தது மகள். போனில் மாடல் ரயில் வீடியோ பார்த்துவிட்டு, மலை, சுரங்கம், பாலம் எல்லாவற்றையும் சுற்றி வரும் ரயில் வேண்டும் என்றாள். என் கணவர் உடனே டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அரை மணி நேரத்தில் வாடிய முகத்தோடு திரும்பினார்.

கணக்கு இதுதான். மாடல் ரயிலில் அதிகம் புழங்கும் அளவு ஹெச்.ஓ. அதாவது, நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மி.மீ. இதில் ரயில் வளைந்து திரும்ப வழக்கமாகச் சொல்லும் ஆரம் 18 அங்குலம். முழு வட்டம் போட்டாலே 3 அடிக்கு மேல் அகலம் வேண்டும். அதனால்தான் பலரும் 8-க்கு 4 ப்ளைவுட் ஒன்றில் ஆரம்பிக்கிறார்கள். அதை எங்கள் வீட்டில் போட்டால் கட்டிலைத் தூக்கி வெளியே வைக்க வேண்டும்.

அதைவிடச் சின்ன அளவு ‘என்’. 160-ல் ஒரு பங்கு, தண்டவாள அகலம் 9 மி.மீ. இதற்கும் வட்டம் போட, ஓரத்தையும் சேர்த்து ஏறக்குறைய 2 அடி அகலப் பலகை தேவை.

பரணைப் பார்த்தோம். ஏணி போட்டு ஏற வேண்டும், மே மாத வெயிலில் அடுப்பு மாதிரி இருக்கும். கட்டிலுக்கு அடியில் என்றால் தினமும் தரையில் படுக்க வேண்டும். டைனிங் டேபிளில் வைத்தால் மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் ஊரையே காலி பண்ண வேண்டும். மிஞ்சியது வாசல் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஷூ ரேக்கின் தலை. நீளம் 3 அடி, அகலம் 1 அடி. “இதுல ரயில் திரும்பவே முடியாது” என்று கணவர் டேப்பைச் சுருட்டினார்.

அப்போதுதான் பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“அது எதுக்குத் திரும்பணும்? ஷன்டிங்குக்கு வட்டம் தேவையில்லையே.”

அப்பா பாயின்ட்ஸ்மேனாகச் சேர்ந்து ஷன்டிங் மாஸ்டராக ஓய்வு பெற்றவர். ‘தாத்தா ரயில்வேல இருந்தார்’ என்பதுவரைதான் என் மகளுக்குத் தெரியும். என்ன செய்தார் என்று நாங்களும் சொன்னதில்லை, அவரும் சொன்னதில்லை.

அப்பா சொன்னதை வைத்துத் தேடியபோது ‘இங்கிள்நுக்’ என்ற ஒரு அமைப்பு கிடைத்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஆலன் ரைட் என்பவர் உருவாக்கியது. இரண்டே பாயின்ட், மூன்று சைடிங். ஒரு சைடிங்கில் 5 வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. முன்னால் இன்ஜினும் 3 வேகனும் நிற்க ஒரு துண்டுத் தண்டவாளம். “எங்க யார்டுல இதுக்கு ஷன்டிங் நெக்னு பேரு” என்றார் அப்பா.

மொத்தம் 8 வேகன். சீட்டு எடுத்து, வந்த வரிசைப்படி 5 வேகன்களை நீளமான சைடிங்கில் கோக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் எட்டிலிருந்து ஐந்தை எத்தனை வரிசையில் எடுக்கலாம் என்று பெருக்கிப் பாருங்கள்: 8×7×6×5×4. ஆக, 6,720 வகை. தினம் ஒன்று ஆடினாலும் 18 வருஷம் வரும்.

திட்டம் போட ஒரு பைசா செலவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வேகன் நீளத்துக்கு வெட்டினோம். பாயின்ட்டையும் நிஜ அளவில் காகிதத்தில் வரைந்து ரேக் மேல் பரப்பினோம். முதலில் ‘என்’ அளவு. எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது. தெரிந்தவர் ஒருவரிடமிருந்து ஒரு ‘என்’ வேகனை இரவல் வாங்கி வந்தோம். அப்பா அதைத் தண்டவாளத்தில் வைக்கப் பார்த்தார். விரல் நடுங்கியது. மூன்று தடவை முயன்றுவிட்டு, “குழந்தை ஆடட்டும், நான் பார்த்துக்கிட்டிருக்கேன்” என்று மெதுவாக நாற்காலிக்குப் போய்விட்டார்.

அன்று இரவே கணவர், “ஹெச்.ஓ.தான் போடறோம்” என்றார்.

மறுபடி அட்டை வெட்டினோம். குட்டையான நாலு சக்கர வேகன், கொக்கியோடு சுமார் 12 செ.மீ. ஐந்துக்கு 60. பாயின்ட்டுக்கு 20. மொத்தம் 80 செ.மீ. 3 அடி ரேக்கில் அடங்கிவிட்டது. ஷன்டிங் நெக்குக்குத்தான் இடமில்லை. இன்ஜினும் 3 வேகனும் நிற்க இன்னும் 50 செ.மீ. வேண்டும், அந்தப் பக்கம் வாசல் கதவு.

அதற்கு ஒரு மடக்குப் பலகை. ரேக்கின் ஓரத்தில் கீல், அடியில் முட்டுக் கொடுக்க ஒரு பிராக்கெட். ஆடும்போது தூக்கி நிறுத்தலாம், முடிந்ததும் கீழே தொங்கும். தண்டவாளம் கோணாமல் சேர இரண்டு பித்தளைத் தாழ்ப்பாள். அவற்றிலேயே ஒயரை இணைத்துவிட்டால் மின்சாரமும் அதன் வழியாகப் போகும். 12 வோல்ட் டி.சி.தான். பலகை தொங்கும்போது இன்ஜின் விளிம்பு தாண்டி விழாமலிருக்க, தண்டவாள நுனியில் எடுத்து மாட்டும் ஆணி ஒன்று. இது அப்பாவின் யோசனை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஆசை இருந்தால் சில விஷயங்கள். ரயில் எங்கே ஓடும் என்பதற்கு முன்னால், என்ன வேலை செய்யும் என்று முடிவு செய்யுங்கள். யார் கை தொடப்போகிறது என்று பார்த்து அளவைத் தேர்ந்தெடுங்கள். கடைசி தண்டவாளம்வரை கை எட்ட வேண்டும். வேகன்களைப் பிரிக்க ஒரு மெல்லிய மூங்கில் குச்சி போதும். செருப்புத் தூசிக்கு ஒரு மூடி கட்டாயம். வாங்க வேண்டியது ஒரு இன்ஜின், 8 வேகன், 2 பாயின்ட், கொஞ்சம் தண்டவாளம், ஒரு கன்ட்ரோலர். மலையும் சுரங்கமும் எங்கள் பட்டியலிலிருந்து போயே போய்விட்டன. மகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், மூன்றாம் நாள் மறந்துவிட்டாள்.

இப்போது மாலை ஆறு மணிக்கு அவள் கன்ட்ரோலரைப் பிடிக்கிறாள். அப்பா எதிரே நின்று, கையை மேலும் கீழுமாக மெல்ல அசைத்தால் இன்ஜின் அவரைவிட்டு விலக வேண்டும். பக்கவாட்டில் அசைத்தால் அவர் பக்கம் வர வேண்டும். நிஜ யார்டில் பகலில் காட்டும் அதே கை சிக்னல். ஒருநாள், “நிஜ வேகனை நீங்களே மாட்டுவீங்களா தாத்தா?” என்று கேட்டாள். “ரெண்டு வேகனுக்கு நடுவுல குனிஞ்சு போய் மாட்டணும் கண்ணு. மழையில, ராத்திரியில” என்று ஆரம்பித்தவர், ஒரு மணி நேரம் பேசினார். அடுப்படியில் நின்றபடி நானும் முதல் தடவையாகக் கேட்டேன்.

போன வெள்ளிக்கிழமை காலிங்பெல் அடித்தது. ஆபீசிலிருந்து கணவர். பலகை தூக்கியிருந்தால் கதவைத் திறக்க முடியாது. நான் ஓடி வருவதற்குள் அப்பா உள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

“கேட் மூடியிருக்கு மாப்பிள்ளை. ரெண்டு நிமிஷம் நில்லுங்க. வண்டி போகட்டும்.”

வெளியே கணவர் சிரிப்பது கேட்டது. கடைசி வேகன் சைடிங்கில் சேரும்வரை அப்பா அவசரப்படவே இல்லை.