மண்ணைக் கொஞ்சம் சும்மா விடுங்க பாஸ்!

இந்த வாரம் ஒரு குட்டி டெஸ்ட். பேனா, பேப்பர் எதுவும் வேண்டாம். ரெண்டு கண்ணாடி டம்ளர், ரெண்டு மண்கட்டி போதும்.

உங்க ஊர் மானாவாரிச் செம்மண் காட்டில், வருஷா வருஷம் டிராக்டர் ஓடுற இடத்திலிருந்து ஒரு கட்டி எடுங்க. வேலியோரமா, பல வருஷமா கலப்பையே படாம புல் மண்டிக் கிடக்கிற இடத்திலிருந்து இன்னொண்ணு. ரெண்டையும் நல்லா காயவெச்சு, டம்ளர் தண்ணியில் மெதுவா விடுங்க. பெரும்பாலும் உழுத மண் சில நிமிஷத்தில் பொலபொலன்னு உதிர்ந்து தண்ணியைக் கலக்கிடும். வேலியோரக் கட்டி கம்முனு உட்கார்ந்திருக்கும்.

காரணம், பசை! வேர், பூஞ்சை, பாக்டீரியா, மக்கிய இலைதழை எல்லாம் சேர்ந்துதான் மண் துகள்களை ஒட்டிவைக்குது. திரும்பத் திரும்ப உழுதா பூஞ்சை இழைகள் அறுந்துபோகும்; மக்கும் வேகமா கரைஞ்சுடும். பசை போன செம்மண்ணில் மழைத்துளி விழுந்தா, மேல்மண் ஓடு மாதிரி இறுகிடும். அடுத்த மழை உள்ளே இறங்காம, மண்ணையும் சுருட்டிக்கிட்டு ஓடைக்குப் போயிடும். கிணறு, வாய்க்கால் எதுவும் இல்லாத மானாவாரி விவசாயிக்கு ஒரு நல்ல மழை வீணானா, சில சமயம் பயிரே போச்சு.

அமெரிக்கா இதுக்குப் பெரிய விலை கொடுத்திருக்கு. அங்கே புல்வெளிகளை உழுது கோதுமை போட்டாங்க. 1930-களில் வறட்சி வந்ததும் மண் புழுதியா எழும்புச்சு. 1935 ஏப்ரல் 14-ம் தேதி வந்த புயல் பகலையே இருட்டாக்கி, 'கறுப்பு ஞாயிறு'ன்னு பேர் வாங்குச்சு. லட்சக்கணக்கானவங்க ஊரைக் காலி பண்ணினாங்க.

அந்த அடியில் கத்துக்கிட்ட பாடம்தான் பின்னால 'பாதுகாப்பு வேளாண்மை'யா வளர்ந்தது. ரூல்ஸ் மூணே மூணு. முடிஞ்சவரை உழாதே. மண்ணை மொட்டையா விடாதே. குறைஞ்சது 30 சதவீதமாவது தட்டையால மூடிவை. ஒரே பயிரையே போடாதே. மாத்தி மாத்திப் போடு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கேழ்வரகுக்கு நடுவுல மொச்சை போடுறாங்களே... மூணாவது ரூல் நம்ம தாத்தாவுக்கே தெரியும்!

ஆனா, ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டா வேலைக்கு ஆகாது. 2015-ல 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு, 63 நாடுகளில் நடந்த 610 சோதனை ஆய்வுகளை அலசிப் பார்த்தது. உழவை மட்டும் நிறுத்தின இடங்களில் மகசூல் குறைஞ்சது. மூணையும் சேர்த்துச் செய்தப்ப, வறண்ட மானாவாரி நிலங்களில் சராசரியா 7.3 சதவீதம் கூடியது. மூடாக்கு போட்டா, மழையோட அடியை அது வாங்கிக்கும். ஈரமும் சீக்கிரம் ஆவியாகாது.

இங்கேதான் சிக்கலே. சோளத்தட்டையை மண்ணுக்குப் போட்டுட்டா, வீட்டு மாடு எதைத் தின்னும்? இந்தக் கேள்வியைக் கேட்கிற அப்பாகிட்ட லெக்சர் அடிக்காதீங்க. அவர் கணக்கு ரொம்பச் சரி. நடுவழி தேடுங்க. அறுக்கும்போது அடித்தட்டையைக் கொஞ்சம் உயரமா விடலாம். வரப்புல கிளைரிசிடியா நட்டு, தழையை வெட்டி மூடாக்காப் போடலாம். முதல் சில வருஷம் களை தொல்லை கொடுக்கும், அதையும் மறைக்காம சொல்லிடுங்க.

'சித்திரை உழவு பத்தரை மாத்துத் தங்கம்'னு நம்புறவரை ஒரே நாளில் மாத்த முடியாது. அதனால முழுக் காட்டையும் கேட்காதீங்க. மூலையில் பத்து சென்ட், மூணு வருஷத்துக்கு மட்டும் கேளுங்க. மக்குச் சத்து மெதுவாத்தான் ஏறும். வருஷா வருஷம் அந்த டம்ளர் டெஸ்ட்டை அவர் கையாலேயே செய்யச் சொல்லுங்க. மண்ணு பேசட்டும், நீங்க சும்மா நில்லுங்க!

அடுத்த வாரம் மீட் பண்ணலாம்!