உளுந்தின் மஞ்சள் தேமலும் மரபணு ஆராய்ச்சியும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கங்களில் தொழிற்சாலைகள் பெருகிச் சாகுபடி நிலம் குறுகிவிட்டது. எஞ்சிய வயலில் உளுந்தோ பாசிப்பயறோ விதைக்கும் விவசாயிக்கு ஒரு போகம் பொய்த்தாலும் பெரு நஷ்டமே. அவ்வாறு பொய்க்கச் செய்வனவற்றுள் முக்கியமானது மஞ்சள் தேமல் நோய். இந்நோய் கண்ட செடியில் இளம் இலைகள் மஞ்சள் திட்டுக்களாகிப் பின்னர் முற்றிலும் மஞ்சளிக்கும். காய்கள் குறைந்து சிறுத்துப்போம். நோய் கண்ட செடியைக் குணப்படுத்த மருந்து யாதொன்றும் இல்லை.

இதற்குக் காரணமான வைரஸை வெள்ளை ஈக்கள் செடிக்குச் செடி பரப்புகின்றன. இவ்வைரஸின் மரபுப் பொருள் ஏ, பி என இரு பகுதிகளாக அமைந்துள்ளது. தன்னைப் பெருக்கிக்கொள்வதற்கும் மேலுறை அமைப்பதற்கும் வேண்டிய மரபணுக்கள் ஏ பகுதியில் உள்ளன. பி பகுதியில் இருப்பவை இரண்டே மரபணுக்கள். அவையே வைரஸைச் செடி முழுவதும் கொண்டுசெல்பவை. இரட்டை மாட்டு ஏரை ஒற்றை மாடு இழுக்க இயலாதது போல, ஒரு பகுதி மட்டும் செடியெங்கும் நோயை உண்டாக்க இயலாது.

எந்த மரபணு எதற்கு அவசியம் என்று ஆராய்வது ஆய்வுக்கூடத்தாரின் பொழுதுபோக்கே, அதனால் களத்து மேட்டுக்கு லாபமில்லை என்று கருதுவோர் உளர். இக்கருத்து சரியன்று. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2004-ல் வெளியிட்ட பரிசோதனை முடிவு இதற்குச் சான்று. அவர்கள் அக்ரோபாக்டீரியம் என்னும் மண் பாக்டீரியத்தின் வாயிலாக ஒரே ஏ பகுதியுடன் இருவேறு பி பகுதிகளைத் தனித்தனியே சேர்த்துச் செடிகளில் செலுத்தினர். ஒரு பி பகுதி உளுந்தில் நோயைக் கடுமையாக்கிற்று. மற்றொன்று பாசிப்பயறில் கடுமையாக்கிற்று.

இதிலிருந்து விவசாயி அறியத்தக்கது யாது? மஞ்சள் தேமல் என்னும் பெயர் ஒன்றேயாயினும், வைரஸ் எங்கும் ஒரே தன்மையதன்று. ஆகவே, ஓரிடத்தில் நோயைத் தாங்கிய ரகம் எல்லா இடத்திலும் தாங்கும் என்று நம்பிவிடலாகாது. வம்பன் 8 போன்ற எதிர்ப்புத் திறனுள்ள ரகங்களையும் முதலில் ஐந்து சென்ட் நிலத்தில் விதைத்துப் பார்த்த பின்னரே ஏக்கர் கணக்கில் விதைப்பது விவேகம். நோய் கண்ட செடிகளை ஆரம்பத்திலேயே பிடுங்கி அழித்தலும் அவசியம்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் பங்குண்டு. தொழிற்சாலைகளுக்கென ஒதுக்கப்பட்டுக் காலியாய்க் கிடக்கும் மனைகளில் களை மண்டினால், அது வெள்ளை ஈக்களுக்குப் புகலிடமாகக்கூடும். அம்மனைகளைத் துப்புரவாக வைக்கச் செய்வதுடன், எந்த ரகத்தில் எவ்வளவு நோய் கண்டது என்று போகந்தோறும் குறித்து வேளாண்மைத் துறைக்குத் தெரிவித்தல் நலம். ஆய்வுக்கூடத்தின் அறிவும் வயலின் குறிப்பும் ஒன்று சேர்ந்தாலன்றி எஞ்சிய நிலத்தின் விளைச்சலைக் காக்க இயலாது.