தாமதித்தவன் கோழையல்லன்

உரோமர் சரித்திரத்தைக் கற்கும் மாணாக்கர் பெரும்பாலும் களத்தில் வென்றவர் பெயரையே நினைவில் இருத்துகின்றனர். ஹனிபால் அல்ப்ஸ் மலையைக் கடந்த கதையைச் சொன்னால் வகுப்பு முழுதும் செவிசாய்த்திருக்கும். சாமாப் போர்க்களத்திலே சிப்பியோ அவனை வென்ற கதைக்கும் அத்தகைய வரவேற்பே உண்டு. அவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே, பெரும்போரைத் தவிர்த்தே தன் நாட்டைக் காத்தவன் ஒருவன் இருந்தான். குவின்டஸ் பேபியஸ் மக்சிமஸ் என்னும் அவனை அறிந்தோர் சிலரே. வெற்றி முழக்கத்தோடு வாழ்ந்த வீரர் பலரினும் இவனே இளைஞர் கற்றற்குரியவன் என்பது எமது துணிபு.

பேபியர் குலம் உரோமிலே பெற்றீசியர் எனப்பட்ட மேற்குடிகளுள் முதன்மை வாய்ந்த ஒன்று. அக்குலத்திற் பிறந்தும் அவன் சிறுவயதில் மந்தன் என்றே கருதப்பட்டான். அமைந்த குணமும் மெதுவாகக் கற்கும் இயல்பும் உடையவனாதலின் அவனை ஆட்டுக்குட்டி எனச் செல்லப்பெயரிட்டு அழைத்தனர் என்று புளூட்டாக் எழுதுகின்றார். அப்பிள்ளையே வளர்ந்து கொன்சல் என்னும் உயர்பதவியை ஐந்து முறை வகித்தான். பிள்ளைகளை முதல் தவணையிலேயே அளந்து முடிவுகட்டும் ஆசிரியர் இதனைச் சற்றுச் சிந்தித்தல் நன்று.

கி. மு. 218ஆம் ஆண்டிலே ஹனிபால் இத்தாலியுட் புகுந்தான். அவ்வாண்டின் இறுதியில் திரெபியா ஆற்றங்கரையிலே உரோமர் சேனையை முறியடித்தான். அடுத்த ஆண்டு திரசிமீன் ஏரிக்கரையிலே, காலை மூடுபனியினூடே சென்ற சேனையை, குன்றுகளில் மறைந்திருந்த அவன் படை வளைத்துக்கொண்டது. ஏறக்குறைய 15,000 உரோமர் மாண்டனர். கொன்சல் பிளமினியஸும் வீழ்ந்தான். இத்துணை இடர் சூழ்ந்த வேளையிலேதான் பேபியஸ் சர்வாதிகாரியாகத் தெரிவு செய்யப்பட்டான். அப்பதவி ஆபத்துக் காலத்தில் ஆறு மாதங்களுக்கு மேற்படாது ஒருவனிடம் ஒப்படைக்கப்படுவது.

வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை வள்ளுவர் அடுத்தடுத்து வகுத்தார். அம்மூன்றையும் பேபியஸ் செயலிற் காணலாம். ஹனிபாலின் வலி குதிரைப்படை. அப்படை வெல்லுமிடம் சமவெளி. ஆதலின் பேபியஸ் தன் சேனையைக் குன்றுகளின்மேலே நடத்திச் சென்றான். பகைவனோ தன் நாட்டிற்கு நெடுந்தொலைவில் இருந்தான். இழந்த வீரனுக்கு ஈடாக வேறொருவனை எளிதிற் பெறல் அவனுக்கு அரிது. எனவே காலம் உரோமர் பக்கமே நின்றது. உணவு தேடிப் பிரிந்து சென்ற பகைவரின் சிறு கூட்டங்களைத் தாக்குவதும், பெரும்போருக்கு அழைத்தால் இறங்காதிருப்பதும் அவன் கொண்ட முறையாயின. அவன் தாமதித்தான், ஆயின் சோம்பியிருந்தானல்லன். பரீட்சைக்கு முதல்நாள்வரை புத்தகத்தைத் திறவாத மாணவன் பேபியஸைத் துணைக்கழைத்தல் பொருந்தாது.

இம்முறையை ஊரார் பொறுத்தாரல்லர். வயல்கள் எரிவதைக் கண்டும் சேனை மலைமேலே நிற்கின்றதே என வெகுண்டனர். பள்ளிக்குச் செல்லும் சிறுவன் பின்னே புத்தகம் சுமந்து செல்லும் அடிமையைப்போல இவன் ஹனிபாலின் பின்னே திரிகின்றான் என நகைத்தனர். ஹனிபாலும் சுற்றியுள்ள நிலங்களையெல்லாம் எரித்து, பேபியஸின் நிலத்தை மட்டும் தீண்டாது விட்டு, அவன்மீது ஐயத்தை விளைவித்தான். பேபியஸ் வாதாடவில்லை. போர்க்கைதிகளை மீட்பதற்குரிய பணத்தைச் செனற் சபை கொடுக்கத் தாமதித்தபோது, அந்நிலத்தையே விற்று அவர்களை மீட்டான். பழிச்சொல்லுக்கு இதனினும் தக்க மறுமொழி ஏது?

அவனுக்கு அடுத்த நிலையிலிருந்த மினூசியஸ் தன் தலைவனை வெளிப்படையாகவே இகழ்ந்தான். மக்கள் அவனுக்கும் சம அதிகாரம் வழங்கினர். அவ்வதிகாரத்தோடு விரைந்து சென்று ஹனிபாலின் பொறியில் அகப்பட்டவனைக் காத்தற்கு ஓடிவந்தவன் பேபியஸே. தன்னை இகழ்ந்தவன் அழியட்டும் என அவன் வாளாவிருக்கவில்லை. அழிவது உரோமர் சேனை என்பதே அவன் கருத்து. மினூசியஸ் அவனைத் தந்தையே என விளித்துத் தன் அதிகாரத்தைத் திரும்ப ஒப்படைத்தான்.

எனினும் பாடம் முற்றும் கற்கப்படவில்லை. கி. மு. 216இல் பொறுமையிழந்த உரோமர் கன்னேயிலே சமவெளியில் இறங்கிப் போர் புரிந்தனர். ஒரே நாளில் இறந்தோர் தொகை ஏறக்குறைய 48,000 என லிவியும், 70,000 என பொலிபியஸும் கூறுவர். நகரெங்கும் ஓலம் எழுந்தபோது, மக்களை ஆற்றி, வாயில்களிற் காவல் வைத்து, ஒழுங்கை நிலைநாட்ட வழிகூறியவன் கோழை எனப்பட்ட அம்முதியவனே. அதன்பின் உரோமர் அவன் முறைக்கே திரும்பினர். ஹனிபால் கி. மு. 203வரை இத்தாலியில் இருந்தும் உரோம் நகரை அவனாற் கைப்பற்ற முடியவில்லை.

பேபியஸிடத்தே குறையில்லை என்று நாம் கூறவில்லை. கி. மு. 209இல் தாரெந்தம் நகரைக் கைப்பற்றியபோது அவன் 30,000 பேரை அடிமைகளாக விற்பித்தான் என்பது லிவியின் கூற்று. அந்நகரின் கண்ணீரை எந்தப் புகழும் மறைத்தலாகாது. மேலும் கி. மு. 205இல் இளைஞனாகிய சிப்பியோ போரை ஆபிரிக்காவுக்குக் கொண்டுசெல்ல முனைந்தபோது இவன் கடுமையாக எதிர்த்தான். காலம் மாறிவிட்டது என்பதைக் காலமறிந்த அவனே அறியத் தவறினான். கி. மு. 203இல் அவன் இறந்தான்; அடுத்த ஆண்டு சாமாவிலே சிப்பியோ வென்றான். தாமதம் தன்னளவில் அறமன்று. தக்க வேளையில் அதனைக் கைவிடுதலும் அறிவின்பாற்பட்டதே. ஆயினும் பேபியஸ் காத்துக்கொடுத்த நாடு இல்லையேல், சிப்பியோ வெல்வதற்குச் சேனை ஏது?

பகைவனுக்கு எதிரே நிற்கும் துணிவைப் பலரிடம் காணலாம்; தன்னவர் நகைக்கும்போதும் தன் அறிவு காட்டிய வழியில் நிற்கும் துணிவு அரிது. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர் பலர் இன்று பொறுப்பான நிலைகளில் உள்ளனர். உடனே செய், உரக்கச் செய் என்னும் கூக்குரல் அவர்களைச் சூழ்ந்திருக்கும். அவ்வேளையில், கைதட்டல் வேண்டாது நிலத்தை விற்றுக் கைதிகளை மீட்ட பேபியஸை அவர்கள் எண்ணுவாராக. மாணாக்கரும் வென்றவன் யார் என்று கேட்பதோடு, வெல்லும் நாள் வரும்வரை காத்தவன் யார் என்றும் கேட்கப் பழகுவாராக.