பதில் சொல்லாத ஆலை எது? பட்டாசுத் தொழிலாளர்களின் கோரிக்கைச் சாசனம்

விருதுநகர் மாவட்ட ஆட்சியர், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், சிவகாசியில் உள்ள மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அலுவலகம் ஆகியோரின் மேலான கவனத்திற்கு:

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் மருந்து கலக்கிறவர்களும், திரி வைக்கிறவர்களும், ஆலைகளில் கணக்கு எழுதுகிறவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 2023 அக்டோபர் 17, ரெங்கபாளையம். 2024 மே 9, செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. பட்டாசு ஆலை வெடிவிபத்துகள் நடந்த இந்த ஊர்ப் பெயர்களைச் சொன்னாலே எங்கள் வீடுகளில் பேச்சு நின்றுபோகும். விபத்துக்குப் பிறகு எழுதப்படும் காரணங்களும் பழகியவைதான்: ஓர் அறையில் 4 பேருக்கு மேல் உட்கார வைத்தது, மரத்தடியில் வேலை நடந்தது, உள்குத்தகை. உடனே ஆலைகளுக்குச் சுற்றறிக்கை போகிறது. மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள். அந்தக் கடிதம் எத்தனை ஆலைக்குள் போய்ச் சேர்ந்தது, யார் படித்தார், யார் பதில் எழுதினார்?

எங்களில் ஒருவர் கணக்கு எழுதிய ஆலையைச் சொல்கிறோம். உரிமம் ஒருவர் பெயரில். அறைகள் உள்குத்தகையில் வேறு மூன்று பேர் கையில். அலுவலகத்தில் பதிவாகியிருந்த மின்னஞ்சல் முகவரியோ, வேலையை விட்டுப் போய்விட்ட பழைய கணக்கருடையது. கோடையில் மணி மருந்தை (உருண்டைகளாக்கிய வெடிமருந்தை) வெயிலில் காயவைப்பது பற்றி எச்சரித்து வந்த கடிதம், மூன்று வாரம் கழித்து, பக்கத்து ஆலை போர்மேன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படமாகத்தான் எங்கள் ஆள் கண்ணில் பட்டது. அந்த மூன்று வாரமும் மருந்து வெயிலில்தான் காய்ந்தது.

ஆகவே கேட்கிறோம்.

சுற்றறிக்கையை ஆயிரம் முகவரிக்கு ஒரே அமுக்கில் அனுப்பாதீர்கள். அப்படி அனுப்பினால் பல ஸ்பேமில் போய் விழலாம். உரிமத்துக்கு ஒரு கடிதம், அதற்கென்று ஓர் எண் என்று வரிசையில் போட்டு ஒவ்வொன்றாக அனுப்பும் மென்பொருள் வேண்டும். எதிர்ப்பக்கத்து சர்வர் இப்போது வாங்க மறுத்தால், அது சற்றுப் பொறுத்து மறுபடி முயலும். போஸ்ட்பிக்ஸ் போன்ற மின்னஞ்சல் மென்பொருள்கள் வழக்கமாக 5 நாள் வரை விடுவதில்லை. போஸ்ட்பிக்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது, டெண்டருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முகவரி செத்துப்போயிருந்தால் கடிதம் திரும்பி வரும். திரும்பி வந்த அன்றே அந்த ஆலைக்கு ஓர் ஊழியர் தொலைபேசியில் பேச வேண்டும். கிடைக்காவிட்டால் கிராம நிர்வாக அலுவலர் நேரில் போக வேண்டும்.

பதில் எந்த முகவரியிலிருந்து வந்தாலும் உரிய ஆலையின் கணக்கில் சேர வேண்டும். பெறுபவரின் அடையாளத்தைத் திரும்பும் முகவரிக்குள்ளேயே பொதித்து அனுப்பும் முறை 1990களிலேயே வந்துவிட்டது. நாக்பூர் உரிமம், சென்னை உரிமம், மாவட்ட வருவாய் அலுவலர் (டிஆர்ஓ) உரிமம் என்று மூன்று வகை இருப்பதால், எந்த அலுவலகம் அனுப்பிய கடிதமானாலும் பதில் மூன்று அலுவலகத்துக்கும் தெரிய வேண்டும். இன்றைக்கு ஒன்றுக்குத் தெரிந்தது மற்றதற்குத் தெரிவதில்லை என்பதே எங்கள் அனுபவம்.

எதைப் பதில் என்று எடுத்துக்கொள்வது என்பதில் கறாராக இருங்கள். "கடிதம் கிடைத்தது" என்பது பதில் ஆகாது. இயந்திரம் தானாக அனுப்பும் 'விடுப்பில் இருக்கிறேன்' அறவே ஆகாது. எத்தனை அறை, அறைக்கு எத்தனை பேர், போர்மேன் யார், உள்குத்தகை உண்டா இல்லையா என்று உரிமதாரர் தம் பெயரில் எழுதுவதே பதில்.

7 நாளில் பதில் வராத ஆலைக்கு மட்டும் நினைவூட்டல் போக வேண்டும். பதில் சொன்னவரை மறுபடி தொந்தரவு செய்ய வேண்டாம். 15ஆம் நாள் ஆய்வுக் குழு அந்த வாசலில் நிற்க வேண்டும். வேலையை நிறுத்தச் சொல்லும் உத்தரவுக்கு இந்தக் கெடுவெல்லாம் கூடாது. அன்று மாலைக்குள் பதில், இல்லையென்றால் அன்றே பூட்டு. முதலிப்பட்டியில் உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட பிறகும் வேலை நடந்ததை நாங்கள் மறக்கவில்லை.

பதில் சொல்லாத ஆலைகளின் பட்டியல் எங்கள் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். காலையில் வேனில் ஏறுமுன் அதைப் பார்த்துவிட்டுப் போக எங்களுக்கு உரிமை உண்டு. ஆலை எழுதிய பதில் பொய் என்றால், கலவை அறையில் இருப்பவரே ஒரு குறுஞ்செய்தியில் மறுக்க வழி வேண்டும். அவர் எண் முதலாளி கைக்குப் போகக் கூடாது.

விபத்தில் ஆளை இழந்த குடும்பங்களின் மனுவுக்கும் இதே முறை வேண்டும். பட்டாசு விபத்தில் இறந்தவர்களின் பிள்ளைகளுடைய படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்தார். ஆளைப் பறிகொடுத்து, அந்த உதவி கேட்டு எழுதும் வீட்டுக்கு "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்ற ஒரே வரியை எல்லோருக்குமாக அனுப்பாதீர்கள். எந்தப் பிள்ளை, எந்தக் கல்லூரி, எவ்வளவு கட்டணம், எந்தத் தேதியில் கட்டப்பட்டது என்று தனித்தனியாக எழுதி, அந்தத் தாயின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்றும் பாருங்கள்.

வரும் தீபாவளி ஆர்டர்கள் தொடங்குமுன் முதல் பட்டியல் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.