தங்கவயல் வகுப்பறையில் குறை யாருடையது?

பன்மொழி வகுப்பறை என்றதும் நம் ஆய்வுக் கட்டுரைகள் 'சவால்' என்னும் சொல்லில்தான் தொடங்குகின்றன. யாருக்குச் சவால்? நான்கு மொழி கேட்டு வளர்ந்த குழந்தைக்கா, ஒரே மொழிவழி விளக்கத் தெரிந்த பாடநூலுக்கா?

கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்வோம். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கத்தில் இறங்கியபின் தமிழரும் தெலுங்கரும் பெருந்திரளாகக் குடியேறிய ஊர் அது. கன்னடமும் உருதும் அங்கே அன்றாட மொழிகள். ஆங்கிலம் அதிகாரிகளின் மொழி. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. மொழிகள் இன்றும் தெருவில் புழங்குகின்றன. வகுப்பறை வாசலில் மட்டும் அவை தடுக்கப்படுகின்றன.

தேசியக் கல்விக் கொள்கை 2020, உயர்நிலை வகுப்புகளில் கற்பிக்கத்தக்க அயல்மொழிகளுள் ஸ்பானியத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தங்கவயலில் அதை எவ்வாறு கற்பிப்போம்? வழக்கம்போல் ஆங்கிலத்தின் வழியாக. 'மெ குஸ்தா எல் லிப்ரோ' என்ற தொடரை 'ஐ லைக் த புக்' என்று பெயர்த்துவிட்டு, எழுவாய் ஏன் இடம் மாறியது என்று அரைமணி நேரம் விளக்குவோம். 'எனக்குப் புத்தகம் பிடிக்கும்' என்று சொல்லும் தமிழ்க் குழந்தைக்கு இதில் வியக்க என்ன இருக்கிறது? கன்னடத்தில் 'நனகெ', தெலுங்கில் 'நாகு'. விரும்புபவரை நான்காம் வேற்றுமையில் நிறுத்தும் முறை மூவருக்கும் தாய்ப்பாலோடு வந்தது. இலக்கணம் முழுதும் ஒன்றென்று நான் வாதிடவில்லை. நுழைவாயில் வீட்டிலேயே திறந்திருக்கிறது என்கிறேன். 'தூ', 'உஸ்தேத்' என்னும் வேறுபாடும் அத்தகையதே. நீ, நீங்கள் என்று பேசும் குழந்தைக்கு அது புதிதன்று. இன்றைய ஆங்கிலத்தில்தான் அது இல்லை. பெயர்ச்சொற்களின் பால் பாகுபாட்டை விளக்கப் பக்கத்து இருக்கை உருது மாணவி இருக்கிறாள்.

ஆசிரியர் இத்தனை மொழியும் அறிந்திருக்க முடியுமா என்பர். வேண்டியதில்லை. 'உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள்?' என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

ஸ்பானியம் ஆடம்பரம் என்போருக்கும் ஒரு சொல். கன்னடத்தைக் கட்டாயமாக்கிய 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடக்கும் வகுப்புக்கும் இதே கேள்வி பொருந்தும். தமிழைக் கன்னடத்துக்குத் தடையாகக் கருதும் ஆசிரியர், கையிலிருக்கும் ஏணியை உதைத்துத் தள்ளுகிறார். விழுவது குழந்தை. வேலைக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறும் ஊரில், அந்த வீழ்ச்சியின் விலை ஒரு மதிப்பெண்ணோடு முடிவதில்லை.

ஆய்வாளர்களே, அமெரிக்க வகுப்பறைகளுக்கென எழுதப்பட்ட கோட்பாடுகளை இங்கே பொருத்துமுன் ஒன்று செய்யுங்கள்: இக்குழந்தைக்கு என்ன தெரியாது என்று அளப்பதற்கு முன்னர், என்ன தெரியும் என்று எழுதுங்கள்.