மழையில் நின்ற கூட்டம்

சென்ற ஞாயிறன்று மும்பையில் விடியற்காலை முதல் மழை ஓயவில்லை. வெளியே புறப்பட இருந்த நாம் குடையை மூலையில் சாத்திவிட்டு வீட்டிலேயே தங்கினோம். பொழுதுபோக்காக நம் மூத்த மகன் பழைய சைக்கிள் பந்தயம் ஒன்றின் படத்தைப் போட்டுக் காட்டினான். 2019-ஆம் ஆண்டு நடைபெற்ற ‘டூர் த பிரான்ஸ்’ பந்தயம் அது.

இப்பந்தயத்தைக் காண வருவோரைப் பற்றி அன்பர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். கிரிக்கெட் மைதானம் போல இதற்கு மதிற்சுவர் இல்லை. சாலையோரத்தில் நிற்க டிக்கெட்டும் இல்லை. ஆனால் சமவெளியில் வீரர்கள் கூட்டமாகப் பறந்து விடுவார்கள். காத்திருப்பது பல மணி. காண்பது சில நொடி. ஆகையால் ரசிகர்கள் மலைச் சாலைகளை நாடுகிறார்கள். ஏற்றத்தில் வேகம் குறையும். வீரரின் முகத்தைக் காணலாம். பெயர் சொல்லி ஊக்கலாம். முதல்நாளே வந்து கூடாரமடித்துத் தங்குவோரும் உண்டு. உச்சியில் ரசிகர் நீட்டும் செய்தித்தாளை வாங்கி, குளிர்காற்றுக்குக் கவசமாகச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வீரர்கள் இறங்குவது நெடுநாளைய வழக்கம்.

அவ்வாண்டு ஜூலை 26-ஆம் நாள் ஆல்ப்ஸ் மலையில் பத்தொன்பதாம் கட்டம். பிரெஞ்சு வீரர் ஜூலியன் அலாபிலிப் முதலிடத்துக்குரிய மஞ்சள் சட்டையை அணிந்திருந்தார். 1985-க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர் எவரும் இப்பந்தயத்தை வென்றதில்லை. ஆகவே அந்நாட்டு மக்களின் ஆவலைச் சொல்ல வேண்டுவதில்லை. 2,770 மீட்டர் உயரமுள்ள இசெரான் கணவாயைக் கொலம்பியா நாட்டு இளைஞர் ஈகன் பெர்னால் முதலில் கடந்தார். அலாபிலிப் பின்தங்கினார். இறக்கத்தில் அவர் மீண்டும் நெருங்கலாம் என்று நம்பியவர் பலர்.

அந்நேரம் முன்னே இருந்த சாலையில் ஆலங்கட்டி மழை கொட்டியது. மலைச்சரிவு இடிந்து, சேறும் நீரும் வழியை மூடின. வீரர்களைப் பாதி வழியில் நிறுத்தினார்கள். கணவாயின் உச்சியில் குறித்த நேரமே கணக்காயிற்று. மஞ்சள் சட்டை பெர்னாலுக்குச் சென்றது. அக்கட்டத்துக்கு வெற்றியாளர் என்று எவரும் இல்லை. முடிவிடமாகிய தீன் நகரில் காத்திருந்தவர்கள் பந்தயம் வந்து சேர்வதைக் காணவே இல்லை.

“மழையில் நின்றவங்க எல்லாரும் ஏமாந்துட்டாங்களே, அப்பா! மெதுவாகவாவது ஓட விட்டிருக்கலாமே?” என்றான் மகன்.

ஓட விட்ட கதையும் உண்டு. 1988 ஜூன் 5-ஆம் நாள் இத்தாலியப் பந்தயத்தில் காவியா கணவாயில் பனி கொட்டியது. பந்தயத்தை நிறுத்தவில்லை. அரைக்கைச் சட்டையுடன் முதலில் உச்சியை அடைந்த டச்சு வீரர் யோகான் வான் டெர் வெல்டே, இறக்கத்தில் உடல் விறைத்து ஒதுங்கி, நாற்பது நிமிடத்துக்கு மேல் பின்தங்கியே ஊர் சேர்ந்தார். அந்நாளை வீரத்தின் நாள் என்று இன்றும் புகழ்கிறார்கள். கீழே விழுந்து உயிர் போயிருந்தால் புகழ்வார்களா?

நாம் ரயில்வே எழுத்தர். மழைக்காலத்தில் விசாரணைச் சன்னலுக்கு இப்பால் அமர்ந்து, “வண்டி புறப்படாது” என்று சொல்லி வசவு வாங்கியவர். நனைந்த துணியோடும் கைக்குழந்தையோடும் நிற்பவரின் கோபம் நமக்குத் தெரியும். அது நியாயமான கோபமே. ஆனால் மேற்சொன்ன அதே ஜூலை 26-ஆம் நாள் இரவுதான் மும்பையிலிருந்து கோலாப்பூருக்குப் புறப்பட்ட மகாலட்சுமி விரைவு வண்டி, வங்கணி அருகே வெள்ளத்தில் சிக்கியது. ஏறத்தாழ ஆயிரம் பயணிகளை மறுநாள் படகும் கயிறும் கொண்டு மீட்க நேர்ந்தது. ‘நில்’ என்று சொல்பவனுக்குக் கைத்தட்டல் கிடையாது. சொல்லாவிடில் நேர்வதை நம் ஊர் கண்டிருக்கிறது.

இதை மகனிடம் சொன்னோம். அவன் முழுதும் ஒப்பவில்லை, “அலாபிலிப் பாவம்தானே?” என்றான். பாவம்தான், மறுக்கவில்லை.

பிறகு மறுநாள் கட்டத்தையும் பார்த்தோம். மண்சரிவினால் 130 கிலோமீட்டர்ப் பாதை 59 ஆகக் குறைந்திருந்தது. ஆயினும் வால் தோரன்ஸ் மலைச் சாலையின் ஓரத்தில் மக்கள் நின்றார்கள். மகன் பேச்சை விட்டு, வீரர்களை மறந்து, அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.